மழைக்காடி

குன்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பேர், ஆந்திரப் பக்கம் வேறொன்று.
எல்லைக்கல் உச்சியில் நிற்கிறது.
ஆடுகள் முதுகு சொறிந்து சொறிந்து
எண்ணெல்லாம் வழவழத்துவிட்டது.

அளவெடுக்க வந்தோம்,
நானும் நாதமுனியும் முப்பது மீட்டர் நாடாவும்.
படிவத்தில் கட்டங்கள்: நீளம், அகலம், உயரம், நிலை.
நிலைக்கு நேராகச் 'சிதைவு' என்று
பள்ளிப்பட்டு பஸ்ஸிலேயே எழுதிவிட்டேன்.

முன்மண்டபம் இல்லை.
செங்கல் சுவர் ஒரு மூலையில் முழங்காலளவு.
மிச்சச் சுவர் கீழே, யாரோ கட்டிய மோட்டார் கொட்டகையில் இருக்கிறது,
பட்டையான பழஞ்செங்கல், பார்த்தவுடன் தெரியும்.
தூணடிகள் நான்கு.
ஒன்றில் தாமரை, எண்ணினால் பதினைந்து இதழ்.
பதினாறாவதற்கு இடம் விட்டவன்
சாப்பிடப் போனவன்தான்.

பாறையில் அமர்ந்திருப்பவருக்கு மேல் முக்குடை.
இருபுறமும் சாமரை ஓங்கியவர்கள்
முதல் வீச்சை இன்னும் முடிக்கவில்லை.
முகத்தை யாரோ கொத்தியிருக்கிறார்கள்.
காதுகள் மட்டும் முழுசாக, தோள்வரை.
பதினொரு மணிக்குக் குவாரியில் வெடி வைத்தார்கள்.
நான் அந்தக் காதுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

குகைக்குள் ஏழு படுக்கை,
தலைமாட்டில் கல்லிலேயே தலையணை மேடு.
ஆறும் ஆறடி.
ஏழாவது நாலடி இரண்டங்குலம்.
சின்னப் பையன் சாமியாராக இருக்கும் என்றான் நாதமுனி.
கூன் விழுந்தவர் என்றேன்.
படுத்துத்தான் பாருங்களேன் மேடம்.

படுத்தேன். கால் வெளியே போனது.
ஒருக்களித்து முழங்காலை மடக்கினேன்.
வலது இடுப்புக்கு ஒரு குழி காத்திருந்தது,
முழங்கைக்கு இன்னொன்று.
புரள இடமில்லை.
புரண்டால் எறும்பு நசுங்கும் என்று
தன் தூக்கத்தைத் தானே அளந்து
வெட்டச் சொன்ன ஒருவர்.
என் உயரம்தான் இருந்திருப்பார்.

அப்போது கொசஸ்தலை ஆற்றுப் பக்கமிருந்து மழை.
பாறை நெற்றியில் இறங்கி வந்த தண்ணீர்
குகை வாய்க்கு மேலே
ஒரு விரல் ஆழக் கோட்டில் தயங்கி,
பாதி அந்த மாநிலத்துக்கும்
பாதி இந்த மாநிலத்துக்கும் பிரிந்து ஓடியது.
உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.
அவ்வளவுதான் கட்டிடக்கலை.

'ஜருகு, ஜருகு' என்று
முப்பது ஆடுகளோடு ஒருத்தி நுழைந்தாள், ரேணுகம்மா.
நகர்ந்தோம்.
எந்த ஆடு எந்தப் படுக்கை என்பதில் அவற்றுக்குச் சந்தேகமே இல்லை.

காடிக்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று நாடாவை இழுத்தேன்.
வரவில்லை.
மறுமுனையை ஏழாவது படுக்கையில் இருந்தது
மென்றுகொண்டிருந்தது.