மூட்டைக் கணக்கு

முத்தோரை பாலாடாவில் இரவு இரண்டு மணிக்குக்
கேரட் கழுவுகிறோம்.
கழுவுவது எந்திரம். நான் எழுதுபவன்:
எத்தனை மூட்டை, யார் தோட்டம், எந்த லாரி.
மண்ணோடு உள்ளே போவது
பளபளவென்று வெளியே வரும்.
கோணலும் வெடிப்பும் தனிக் குவியல், மாட்டுக்கு.

ஜனவரி. தகரக் கூரையில் உறைபனி.
ஈர விரலைத் திரைக்கு அடையாளம் தெரிவதில்லை.
பெருவிரலை அக்குளில் வைத்துச் சூடாக்கி
மறுபடி இழுக்கிறேன்.
இழுத்து விட்டால் ஒரு சின்ன வளையம் சுற்றும்.
அது சுற்றும் வரைக்கும்
எதுவும் நடக்கலாம்.

எப்போதாவது ஒன்று வந்திருக்கும்.
எப்போதும் வந்தால் விட்டுத் தொலைத்திருப்பேன்,
ஒருபோதும் வராவிட்டாலும்.

சாயங்காலம் ஒரு படம் போட்டேன்:
கேத்திப் பள்ளத்தாக்கின் மேல் மேகம்.
சேறு அப்பிய என் ரப்பர் பூட்ஸ் விழாதபடி
மூன்று முறை நகர்ந்து நின்று எடுத்தது.
"கொடுத்து வச்சவன்டா நீ" என்று எழுதியிருக்கிறான்
தோஹாவிலிருந்து சேவியர்.
அவன் புதுவீட்டுப் படிக்கட்டைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து
நான் தூங்காமல் கிடந்தது போன வாரம்.

பார்த்தவர்கள் அறுபத்து மூன்று பேர்.
வரிசை எனக்கு மனப்பாடம்.
சுதாமணி இல்லை.
மூன்று வருஷமாக இல்லை. தடுத்து வைத்திருக்கிறாள்;
இன்னொரு நம்பரில் போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.
(நாற்பத்தாறு வயது. சொல்லும்போதே காது சுடுகிறது.)
ஆனாலும் அவளுக்குத்தான் போடுகிறேன்,
அறுபத்து மூன்று பேருக்கு நடுவில் ஒளித்து.

"கணக்கு... யோவ் கணக்கு!"
பெள்ளிராஜ் எடைத்தட்டின் பக்கத்தில் நிற்கிறான்.
எத்தனை முறை கூப்பிட்டானோ.
நான் திருச்சூரில் யாரோ ஒருவரின் கல்யாணத்தில் இருந்தேன்,
மாப்பிள்ளையின் அம்மா அழுவதை
இரண்டாம் முறை பார்த்துக்கொண்டு.

நாற்பத்தொன்றா, நாற்பத்திரண்டா?
அவன் என் முகத்தைப் பார்த்தான்.
நான் மூட்டைகளைப் பார்த்தேன்,
எல்லாம் ஒரே ஈரமாக,
ஏற்கெனவே லாரியில்.
"நாப்பத்திரண்டு. என் முதுகைக் கேளுங்க" என்றான்.
எழுதிக்கொண்டேன்.

போனை மேசைமேல் சார்ஜில் போட்டுவிட்டு
வெளியே வந்தேன், அவன் முகத்துக்காக.
லாரி மேட்டுப்பாளையத்துக்கு இறங்கப் புறப்பட்டது.
அதன் சிவப்பு விளக்கு தைலமரங்களுக்குள் போனபிறகு
ஒரு சத்தமும் இல்லை.

இதற்குத்தான் பயம்.
லவ்டேல் ரோட்டு அறையில் கதவைச் சாத்தியதும்
காதுக்குள் வந்து உட்காருமே, அது.
ஒரு நிமிஷம் நின்றுதான் பார்ப்போமே என்று நின்றேன்.
புல் வெள்ளையாக இருந்தது. மிதித்தால் நொறுங்கியது.
யார் வீட்டிலோ நாய் இருமியது.
அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

வலது தொடையில் போன் அதிர்ந்தது.
கையை விட்டேன்.
பையில் கொஞ்சம் சில்லறை,
ஒரு கேரட் வால்.