விகுதி

கெமி நகரத்துக் காற்றில் அழுகிய முட்டைக்கோஸ் வாடை.
காகித ஆலை. அது பணத்தின் வாடை என்பார்கள் அங்கே.
துய்ரே ஹக்கரைனன் அந்த வாடைக்குள் பிறந்தவள்.
பதினாறு வயதில் சதுப்பில் குனிந்து
கொசுக்களுக்குக் கழுத்தைக் கொடுத்துப் பொறுக்கிய
மஞ்சள் பெர்ரிகளை வாளி வாளியாய் விற்று வாங்கியது,
தண்டு சற்றே வளைந்த ஒரு மின்கிதார்.
வளைவை நிமிர்த்தக் காசில்லை.
குரலை அதன் பக்கம் வளைத்துக்கொண்டாள்.

மூன்று பெண்கள். குழுவின் பெயர் துரு.
தொழிலாளர் மன்றத்தில் முதல் கச்சேரி.
மைக் கட்டியவர் கேட்டார்:
பையன்கள் எப்போது வருவார்கள்?
ஹில்க்கா டிரம்ஸில் குச்சிகளைத் தட்டி
நான்கு வரை எண்ணினாள்.

பிறகு வேன். பிறகு வேன் பழுது.
ஹெல்சிங்கியில் ஒருவர் மேசைமேல் காலை நீட்டி
அட்டைப்படத்துக்குக் கொஞ்சம் சிரிக்கலாமே என்றார்.
அட்டைப்படத்தில் மூன்று முதுகுகள்.
அறுநூற்றுப் பதினொரு பிரதிகள் விற்றன.

எண்பத்தாறில், பாஸ் வாசித்த ஓர்வொக்கி
துர்க்குவில் கப்பலேறி சுவீடனுக்குப் போனாள்,
கார் தொழிற்சாலை வேலைக்கு.
மூன்றாம் ஆல்பத்துக்கு வந்துவிடுவேன் என்றிருந்தாள்.
ஸ்டுடியோவில் இரண்டு நாள்
அவளுடைய பாஸ் கிதார், சுருதி சேர்த்து,
சுவரில் சாய்ந்திருந்தது.
அதைத் தினமும் துடைத்தது துய்ரே.
மூன்றாம் ஆல்பம் என்று ஒன்று இல்லை.

அஞ்சலகத்தில் இருபத்துநான்கு வருடம்
பிறர் கடிதங்களைப் பிரித்து அடுக்கினாள்.
இடது காது போயிற்று.

ஐம்பத்திரண்டாம் வயதில், ஜூலையில்,
இரவு பதினொரு மணிக்கும் வெயில் விழுந்துகிடந்த திடலில்
அந்தப் பழைய டாங்கோவைப் பாட அழைத்தார்கள்.
வேடிக்கைக்குத்தான். ராக் பாடும் கிழவி, டாங்கோ.

ஐம்பது வருடமாகக் கறுப்புக் கோட்டுக்காரர்கள் பாடியது அது.
படகுத்துறையில் விளக்கோடு யாரோ நிற்க,
எதிர்பார்த்தவர் இறங்காத கதை.
ஃபின்னிஷில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல்.
கோட்டுக்காரர்கள் பாடும்போதெல்லாம்
கேட்டவர்கள் தாமாகவே அந்தச் சொல்லுக்கு
ஒரு பாவாடையைக் கட்டிவிட்டிருந்தார்கள்.

துய்ரே ஓர் எழுத்தையும் மாற்றவில்லை.
வேகத்தைப் பாதியாக்கினாள்.
அக்கார்டியன் இருந்த இடத்தில்
ஆம்ப்ளிஃபயரின் உறுமலை விட்டாள்.
கூட்டம் அவசரமாய் அந்தச் சொல்லுக்குக் கால்சட்டை தேடியது;
பாடுவது பெண் அல்லவா.
இரண்டாம் சரணத்தில் தேடுவதை நிறுத்தியது.
ஆடிக்கொண்டிருந்த ஒரு ஜோடி
கையை விடாமலே நின்றுவிட்டது.

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்து மூன்று நாளாகிறது.
என் வினைச்சொற்கள் கோள்மூட்டிகள்.
வந்தான், வந்தாள் என்று
கடைசி எழுத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடும்.
வந்தார் என்று எழுதிப் பார்த்தேன்,
தாசில்தார் வந்ததுபோல் இருந்தது.
அடித்து அடித்துத் தாள் கிழிந்த பிறகு
நாக்கிலேயே கிடந்த சொல் தட்டுப்பட்டது:

கடைசிப் படகையும் கட்டியாயிற்று.
கயிறு நனைந்திருக்கிறது.
வரவில்லை.

அவ்வளவுதான். வராதபோது மட்டும்
என் மொழியும் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை.

மேடைக்குப் பின்னால் ஒரு படிவம் நீட்டினார்கள்,
பாட்டின் உரிமையாளருக்கு அனுப்ப.
மூல வரிகளில் செய்த மாற்றங்கள்?
துய்ரே பைக்குள் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து,
நிதானமாக எழுதினாள்: ஒன்றுமில்லை.

வெளியே ஹில்க்கா டிரம்ஸை ஏற்றி முடித்து
சாவியைத் திருகிக்கொண்டிருந்தாள்.
வேன் கிளம்பவில்லை.