அரை வரி

மூல நூலில் அரை வரிதான்:
அப்போது ஆழத்திலிருந்து காவல் பெண்கள் ஏறி வந்தார்கள்.
அவ்வளவு.
ஒன்பது பாகம், நாலாயிரத்துச் சொச்சம் பக்கம்,
ஒரு குதிரையின் லாடத்துக்கே முழுப் பக்கம் ஒதுக்கியவர்
இவர்கள் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று எழுதவில்லை.
அந்த இடைவெளிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதல் படத்தைச் சென்னையில் வரைந்தேன்.
மீன் செதிலில் மார்க்கவசம்,
காதில் சங்கு, இடுப்பில் பவளம்.
"நகைக்கடை விளம்பரம் மாதிரி இருக்கு" என்றார் இயக்குநர்.
பொய்யில்லை.

பாம்பனில் இறங்கி
சின்னப்பாலத்தில் ஒரு வாடகை அறை.
ஜன்னலைத் திறந்தால் டேப்லெட்டில் உப்பு படியும்.
துடைக்கத் துடைக்க
வானத்தின் ஒரு மூலை மங்கலாகவே இருந்தது.
அதையே மூட்டம் என்று வைத்துக்கொண்டேன்.

நாலாம் நாள், நீர் வற்றிய காலை,
வல்லத்தின் விளிம்பில் அவர்களைப் பார்த்தேன்.
சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை,
விரல் ஒவ்வொன்றுக்கும் கிழிசல் துணியில் ஒரு சுற்று,
பாதத்தில் கயிறு போட்டுக் கட்டிய
அலுமினியத் தட்டு.
கறுப்பு ரப்பர் வளையத்துக்குள்ளிருந்து கண்கள்
தண்ணீரை அளந்துகொண்டிருந்தன.

முத்துராக்கு தலைகீழாகப் போனாள்.
நான் அறுபத்தேழு எண்ணிவிட்டேன்,
பதற்றத்தில் நாற்பதுகளை இரண்டு முறை எண்ணியிருக்கலாம்.
மேலே வந்தபோது
பை நிறைய மரிக்கொழுந்து.
பூவல்ல, பாசி.
அடியில் முளைப்பதற்கும் இங்கே அதே பெயர்.

அன்று ராத்திரி படுக்கவில்லை.
தட்டைச் செம்பாக்கவில்லை, பொன்னாக்கவில்லை,
நசுங்கிய ஓரத்தோடு அப்படியே கட்டினேன்.
துணி சுற்றிய பத்து விரல்களுக்கு மட்டும்
மூன்று மணி நேரம்.

மறுநாள் காட்டினேன்.
ஈரக்கையைச் சட்டையில் துடைத்துவிட்டு
இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்,
கால், முட்டி, தோள் என்று
சாமான் வாங்குகிறவளைப் போல.

"பை எங்க?"
"இவ சண்டை போடுறவக்கா. பை எதுக்கு?"
"பை இல்லாம என்னத்துக்கு முங்குனா?"

எழுதியவர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.
படித்த லட்சம் பேர்
ஆளுக்கொரு படையை மனசுக்குள் நிறுத்தி
எங்கள் படை வெளியானதும் திட்டக் காத்திருக்கிறார்கள்;
அவர்களும் கேட்கவில்லை.

பையைப் போட்டேன். வலைப்பை,
பாதி நிறைந்தது, நீர் சொட்டுவது.
பாரம் ஏறியதும் இடது தோள் தாழ்ந்தது,
இடுப்பு ஒருபக்கம் ஒதுங்கியது,
அதுவரை மிதந்துகொண்டிருந்த பெண்
மணலில் கால் ஊன்றினாள்.

வீடியோ அழைப்பில் மூன்று பேர்.
"கண்ணாடி வேணாமே."
"தட்டு கொஞ்சம் காமெடியா இருக்கு."
"பையை எடுத்துட்டு ஒரு ஈட்டி குடுங்க."
"எந்த உலகத்துல இப்படி ஆள் இருக்கும்?"
ஜன்னலுக்கு வெளியே முத்துராக்கு
பாசியை உதறி வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தாள்.
சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஈட்டி கொடுத்தேன்.
வீட்டு வாடகை இருக்கிறது, தம்பியின் பீஸ் இருக்கிறது.
பையை அழிக்கவில்லை,
அந்த லேயரின் கண்ணை மட்டும் மூடினேன்.
தோளை நிமிர்த்த மறந்துவிட்டேன்.
கேட்டால் அப்படித்தான் சொல்வேன்.
படம் வரும் நாளில்
முந்நூறு பெண்கள் கடலிலிருந்து எழுவார்கள்,
முந்நூறு இடது தோள்களும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கிளம்புகிற அன்று முத்துராக்கு
பை போட்ட படத்தை ஒரு பிரிண்ட் கேட்டாள்.
ராமேஸ்வரம் போய் லேமினேட் செய்து கொடுத்தேன்.
சுவரில் மாட்டுவாள் என்று நினைத்தேன்.
மடக்க வருமா என்று வளைத்துப் பார்த்தாள்.
"வல்லத்துல வச்சுக்கிறேன்.
தீவுப் பக்கம் பாரஸ்ட்டுக்காரன் வெரட்டிக்கிட்டு வந்தா
எடுத்துக் காட்டலாம்ல,
நாங்க காவலுக்கு வந்தவகன்னு."