ஈயப் பொட்டு

தட்டு உள்ளே போகும்.
லென்ஸ் மூன்று தடவை எழும்பிப் பார்க்கும்,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்ததே என்று
கதவைத் திறந்து பார்ப்பவளைப் போல.
பிறகு பச்சை எழுத்தில் சொல்லும்: டிஸ்க் இல்லை.

இருக்கிறது. நான்தான் வைத்தேன்.

எடைக்குப் போடு என்றார் பூபாலன்.
கபாடிக்காரன் குரலும் சரியாக அப்போதுதான் தெருவில்.
எனக்கென்னவோ பிடிவாதம்.
எட்டுத் திருகாணி, ஒன்று அலமாரிக்கடியில் உருண்டு போயிற்று.
தட்டை இழுக்கும் ரப்பர் பெல்ட்
பாகாய் இளகி விரலோடு வந்தது.
அது பத்து ரூபாய்ச் சமாசாரம்.
போயிருந்தது கண்.

செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டில்
குல்ஷன் சாவ்லாவின் கடை மாடிப்படிக்கு அடியில்.
ஒருவர் உட்காரலாம், ஒருவர் நிற்கலாம்.
நானூற்றைம்பது என்றார்.
முந்நூறு என்றேன். டீ வரவழைத்தார்.
முந்நூற்றெழுபது.
வெள்ளிக் காகித மடிப்புகளுக்குள்
சுண்டுவிரல் நகத்தினும் சிறிதாய் ஒரு நீலம்.

பொருத்தினேன்.
எழும்பவே இல்லை.
பழையதாவது எட்டிப் பார்த்தது.

மறுபடி போனபோது சாவ்லா
பாகத்தைத் தொடவில்லை, என்னைத்தான் பார்த்தார்:
மாட்டும்போது இந்த ஸ்வெட்டரா போட்டிருந்தீர்கள்?
வயிற்றுவலி என்று போனவளிடம்
நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டாய்
என்று கேட்கிற அதே குரல்.

தில்லியின் ஜனவரி உலர்ந்த மாதம்.
கம்பளியைத் தலைவழி உருவினால் இருட்டில் பொறி பறக்கும்.
குழாய் கடிக்கும். கதவுப்பிடி கடிக்கும்.
தம்ளர் வாங்குகையில் விரல் பட்டு
நானும் பூபாலனும் கையை உதறிக்கொள்வோம்,
கல்யாணமான இருபத்திரண்டாம் வருஷத்தில்.
நமக்கு எறும்புக்கடி.
அந்த நீலத்துக்கு இடி.

இரண்டாவது வாங்கியபோது பேரம் பேசவில்லை.
ஓரத்தில் ஈயப் பொட்டு ஒன்று வைத்திருக்கும், என்று
சாவ்லா ஏதோ நீளமாகச் சொன்னார்.
பக்கத்துக் கடையில் ஸ்பீக்கரைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.
எனக்குக் கிடைத்தது கடைசி இரண்டு வார்த்தை:
மத் சூனா. தொடாதே.

தொடவில்லை.
ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்து
மணிக்கட்டில் செம்புக்கம்பி சுற்றி,
கிரில்லோடு சைக்கிளைப் பூட்டுவது போல
சமையலறைக் குழாயோடு என்னைப் பூட்டிக்கொண்டு,
பல் கிட்டக் கிட்ட
ரிப்பன் கேபிளைச் செருகினேன்.
டிஸ்க் இல்லை.

போன் செய்தேன்.
அட, மாட்டுகிறவரைதான் தொடக்கூடாது என்றேன்,
மாட்டின பிறகு எடுத்துவிட வேண்டாமா?
வழியில் மின்சாரம் தீண்டாமல் இருக்கத்தான் அந்தப் பொட்டு.
அது இருக்கும் மட்டும் கண் பிழைக்கும்,
ஆனால் பார்க்காது.

ஈயக்கோலைச் சூடாக்கினேன்.
பொட்டை அழிக்கப் போகிறேன் என்று
வாய்விட்டுச் சொல்லவில்லை.
கை மட்டும் ஒரு நொடி நின்றது.
பிறகு தொட்டேன். வெள்ளியாய் மின்னி, விலகிற்று.

டிஸ்க் சுழன்றது.

பேச்சு ஹிந்தி, இருபது பாடங்கள்.
வந்த புதிதில் வாங்கியது.
ஆறாம் மாதமே நாலாம் பாடத்தோடு திக்கும்,
திரும்பத் திரும்பக் கடைக்காரரிடமே போய் நிற்கும்:
இது என்ன விலை? குறைத்துக் கொடுங்கள்.
குறைத்துக் கொடுங்கள்.
குறைத்து

நாலு முடிந்தது. நான் மூச்சு விடவில்லை.
ஐந்தாம் பாடம், என்றாள் அந்தப் பெண்,
இருபத்திரண்டு வருஷம் வரிசையில் நின்றவளின் அலுப்பில்லாமல்.
ஜப் தக் பாரிஷ் ந ருகே, யஹீம் ருகியே.
மழை நிற்கும்வரை இங்கேயே இருங்கள்.

அப்புறம் நாம் திருப்பிச் சொல்ல
அவள் விட்டிருக்கும் இடைவெளி,
உள்ளே மோட்டாரின் மெல்லிய இரைச்சல்.

கூடத்திலிருந்து பூபாலன்
பாரிஷை பாரிசாக்கிச் சொன்னார்.
நான் இன்னும் குழாயோடு கட்டியிருந்தேன்.