முதல் வகைப் பிழை

நாற்பது நிமிடம் பேசினேன்.
இன்மைக் கருதுகோள், முதல் வகைப் பிழை,
இரண்டாம் வகைப் பிழை,
நான்கு கட்டம் போட்ட ஒரு பெட்டி.
"மனசிலாயோ?" என்றேன்.
இருபத்தாறு தலைகள் ஆடின.
எதற்கும் இருக்கட்டும் என்று
"புரிஞ்சுதா?" என்றும் கேட்டேன்.
அதே தலைகள். அதே ஆட்டம்.

செவ்வாய்க்கிழமைச் சோதனையில்
பதினெட்டுப் பேர் என் வாக்கியத்தையே
எனக்குத் திருப்பித் தந்திருந்தார்கள்,
இரவல் பாத்திரத்தைக் கழுவித் தருவதுபோல.
நான் வாய்தவறிச் சொன்ன ஒரு சொல்லும்
அதில் பத்திரமாக இருந்தது.
டிக். டிக். டிக்.

ரம்ஸீனாவின் தாளில்
பாதி வாக்கியம், ஒரு அடித்தல்,
பிறகு பால் என்று ஒரு சொல், அதைச் சுற்றி வட்டம்.
வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம்,
தேர்வில் மட்டும் ஆங்கிலம் அவளுக்கு.
இருபதுக்கு மூன்று போட்டேன்,
பொள்ளாச்சி பஸ்ஸில் நின்றுகொண்டே.

ஓணத்துக்கு முந்தைய வாரம்.
மீனாட்சிபுரம் செக்போஸ்ட்டில் பஸ் நகரவில்லை.
உடுமலையிலிருந்து வந்த பால் வண்டிகளின் வரிசை.
ஒரு சோதனைக் குழாய்ப் பால், சில சொட்டு மருந்து,
நிறம் மாறுகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்கள்.
நாலாவது வண்டிக்காரர் இறங்கினார்.
கும்பிடவில்லை, கத்தவில்லை.
"நல்ல பாலுங்க. மறுபடி பாருங்க" என்றார்.
வண்டியைத் திருப்பிவிட்டார்கள்.

மறுநாள் இதை மட்டும் சொன்னேன் வகுப்பில்.
"அந்தப் பால் நிஜமாகவே நல்லதாக இருந்திருந்தால்?"
கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.
எனக்கு அது பழக்கமில்லை.
ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணினேன்.
மின்விசிறி ஒரு பக்கமாகத் தட்டிக்கொண்டிருந்தது.
பதினொன்றில் ரம்ஸீனா.

"எங்க அத்தாவுக்குப் போன வருசம் நடந்துச்சு மிஸ்.
நல்லதைத் தள்ளுறது முதல் வகை.
கெட்டதை விடுறது ரெண்டாவது.
ரொம்பக் கண்டிப்பா இருந்தா
எங்க பால் ஓடையில போகும்.
தளத்தினா உங்க காப்பியில யூரியா வரும்.
ரெண்டையும் குறைக்கணும்னா
நிறைய மாதிரி எடுக்கணும்.
அதுவரைக்கும் பால் தாங்காது மிஸ்."

கடைசி பெஞ்சில் விபின்தாஸ்,
"யூரியாவோ?" என்றான்.
அந்தப் பருவத்தில் என் வகுப்பில்
யாரோ கேட்ட முதல் கேள்வி.
பிறகு இரண்டு மொழியிலும் சண்டை.
செக்போஸ்ட்காரன் பக்கம் ஏழு பேர்,
வண்டிக்காரர் பக்கம் மற்றவர்கள்.
விபின்தாஸ் எழுந்து வந்து
என் நான்கு கட்டங்களைத் தானே போட்டான்,
தலைகீழாக. யாரோ திருத்தினார்கள்.
நானில்லை. என் கையில் சாக்பீஸ்
உடையாமல் இருந்தது.

மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.
விடைத்தாள் கட்டைப் பிரித்தேன்.
தேர்வும் ஒரு குழாய்ப் பால்தான்.
இருபது நிமிடம், ஐந்து கேள்வி, ஒரே முறை;
நிறம் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன்.
இந்த மூன்று எந்த வகை என்று தெரிந்துவிட்டது.
அந்தப் பதினெட்டுப் பேரில்
எத்தனை யூரியா என்று தெரியவில்லை.

மூன்றை அடிக்கவில்லை.
பக்கத்தில், மறுபடி பார்க்கவும், என்று எழுதினேன்.
வேகத்தடையில் பேனா குதித்து
கடைசி எழுத்து தாளுக்கு வெளியே போய்விட்டது.
பாடத்திட்டத்தில்
இரண்டு அலகு பின்தங்கியிருக்கிறேன்.
துறைத்தலைவர் திங்கட்கிழமை கேட்பார்.