பதினாறு ஒண்ணு

தை பிறந்ததிலிருந்து ஏழு பல்பு.
இடது கண் போனால் மறுவாரம் வலது.
ஜன்னல் விளிம்பில் கிடக்கின்றன,
உள்ளே வெள்ளிப் புகை படிந்து,
இழை அறுந்து.

பெருமாள்மலை சவரிராயன் சொன்னான்:
"கண்ணாடிய விரலால தொட்டிருப்பீங்க.
கைப்பிசுக்கு பட்ட இடம் சூட்டுக்குத் தாங்காது."
அடுத்ததை, எண்ணெயிலிருந்து எடுத்த வடையைப்போல
துணியால் பிடித்து மாட்டினேன்.
பத்தொன்பது நாள்.

பனி உள்ளே இறங்குது என்றான்.
ரப்பரை மாற்றினான்.
எர்த் கம்பியைச் சுரண்டி முறுக்கினான்.
விலை கூடின பல்பு வாங்கினேன்,
டப்பாவில் ஜெர்மன் எழுத்து.
அது பதினோரு நாள்.

பட்டறை வாசலில் இஞ்சினை ஓடவிட்டு
மீட்டர் வைத்தான்.
பதினாலு ஒண்ணு.
"தங்கமான கரண்ட்டு."
நின்ற இடத்தில் யார்தான் தங்கமில்லை.

வத்தலகுண்டில் பூண்டு மூட்டைகளை இறக்கிவிட்டு
இரண்டாம் கியரில் ஆம்னி கதறிக்கொண்டு ஏறும்போது
என்ன நடக்கிறதென்று
பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் வேண்டும்.

என் புருஷன் இன்னாசியோடு பேசி ஒன்பது நாள்.
தம்பி கடனுக்கு என்னைக் கேட்காமல்
ஜாமீன் கையெழுத்து போட்டவன்.
சாவியை எடுத்ததும் முன்சீட்டில் ஏறிக்கொண்டான்.
மடியில் மஞ்சள் மீட்டர்.
பேட்டரியிலிருந்து இழுத்துவந்த சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர்.

டம்டம் பாறையில் வாய் திறந்தான்:
"பதினாலு நாலு."
மூன்று வளைவுக்கு ஒன்றுமில்லை.
"பதினஞ்சு."
லாரிக்கு ஒதுங்கி, மறுபடி மிதித்தேன்.
"பதினஞ்சு ஏழு... மெல்ல... இல்ல, மிதி, மிதி,
பதினாறு ஒண்ணு!"
பனிமேல் வெளிச்சம்
சுண்ணாம்பு அடித்த சுவராய் வெளுத்தது.
காலை எடுத்தேன்.
"பாத்தியா?"
"பாத்தேன்."

ஆல்டர்னேட்டர் முதுகில் தீப்பெட்டி அளவு ரெகுலேட்டர்.
வேகம் கூடினால் அதற்கு
எங்கே நிறுத்துவதென்று மறந்துபோயிருந்தது.
எழுநூற்றைம்பது ரூபாய்.
பழையதை வாங்கி
ஜன்னல் விளிம்பில், பல்புகளுக்கு அந்தப்புறம் வைத்தேன்.

அடுத்த சந்தைக்கும் மீட்டரோடு ஏறினான்.
இனி அது தேவையில்லை. நான் சொல்லவில்லை.
"பதினாலு ரெண்டு," என்றான் டம்டம் பாறையில்.
"பதினாலு ரெண்டு," என்றான் ஊத்தில்.
ஜாமீன் விஷயத்தை
பெருமாள்மலை தாண்டியதும் கேட்கப்போகிறேன்.
சத்தமாய்த்தான் கேட்பேன்.

வளைவு திரும்பியதும் பிரேக்.
இரண்டு கண்ணும் எரிகின்றன,
சாலை நடுவே ஒரு காட்டுமாட்டின்
வெள்ளைக் கணைக்கால்கள்மேல்.
அது நகரட்டும் என்று
இருவரும் உட்கார்ந்திருக்கிறோம்.