நல்

வின்னிபெக்கில் சிவப்பாறு வடக்கே போகிறது.
ஏப்ரலில் தெற்கு முதலில் உருகும்;
போகிற வழி இன்னும் உறைந்தே கிடக்கும்.
பின்னாலிருந்து வரும் நீர்
முன்னால் கிடக்கும் பனிக்கட்டியில் முட்டிப்
பக்கவாட்டில் ஏறும், வீடுகளைப் பார்த்து.

எனக்கு அதில் சின்ன வேலை.
கரையோரம் நூற்று நாற்பது அளவுகோல்கள்,
கால் மணிக்கு ஒரு தடவை ஆளுக்கோர் எண் அனுப்பும்.
அதை டேபிளில் போட்டுவைத்து
கேட்பவர்க்குக் கேட்டபடி எடுத்துக் கொடுக்க வேண்டும்.
ஆற்றை நான் பார்த்ததெல்லாம் பஸ் ஜன்னல் வழியே.

செவ்வாய் இரவு இரண்டு மணி.
உதவி மையம் என் பக்கம் தள்ளிவிட்ட அழைப்பு.
ஓஸ்டாப் ஹ்ரிட்சாக், எண்பத்தேழாம் கோலுக்கு அருகில் வீடு.
"உங்கள் திரையில் ஆறு பூஜ்யம் என்று இருக்கிறது.
நான் நிலவறையில்
முழங்கால் வரைக்கும் உங்கள் பூஜ்யத்தில் நிற்கிறேன்."

குவெரியை எழுதினேன்.
எண்பத்தேழு: நான்கு புள்ளி இரண்டு,
நான்கு புள்ளி ஆறு,
நான்கு புள்ளி ஒன்பது,
அப்புறம் காலி.
பனிக்கட்டி கோலை நசுக்கியிருக்கும்.
டேபிள் பொய் சொல்லவில்லை, காலி என்றுதான் வைத்திருந்தது.
டேபிளுக்கும் திரைக்கும் நடுவில் யாரோ ஒருவர்
'காலியாக வந்தால் பூஜ்யம் போடு' என்று
ஒரு வரி சேர்த்திருக்கிறார்.

இந்த வரியை எழுதியது யார் என்று கேட்கும் கட்டளைக்கு
எங்கள் தொழிலில் பெயரே பழி.
கேட்டேன்.
தர்மினி நல்லையா, மூன்று வருடம் முந்தைய நவம்பர்,
மாலை நான்கு ஐம்பத்திரண்டு.
நான்தான்.

ஞாபகம் வந்தது. வரைபடத்தில் கோடு அறுந்தறுந்து தெரிந்தது.
பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றாள் ப்ரெண்டா.
ஒரு வரியில் ஒட்டவைத்தேன்.
ஐந்து மணி பஸ் கிடைத்தது.

காலிக்கு எங்கள் மொழியில் பெயர் நல்.
அளந்தேன், ஒன்றுமில்லை என்பது பூஜ்யம்.
அளக்கவே இல்லை என்பது நல்.
இரண்டு நல்களை அருகருகே நிறுத்திச்
சமமா என்று கேட்டுப் பாருங்கள்,
ஆம் என்காது, இல்லை என்காது.
எனக்குத் தெரியாததும் உங்களுக்குத் தெரியாததும்
ஒன்றுதான் என்று யார் கண்டது?
தமிழ் எழுத்தில் அது நல்லதின் முற்பாதி.
தனியே நிற்காத சொல்,
பின்னால் வரவோ வாக்கோ வரட்டும் என்று
வாயைத் திறந்தபடி இருப்பது.
அப்பா பெயரில் தினமும் கையெழுத்திட்டும்
எனக்கு உறைக்கவில்லை.

பூஜ்யத்தை எடுத்தேன். சோதனைக்கு விட்டேன்.
எச்சரிக்கை இன்னும் ஊமையாகவே இருந்தது.
ஐந்து மீட்டரைத் தாண்டினால் கூவு என்பது விதி;
ஐந்தைவிடப் பெரியதா என்றால் நல்
அதற்கும் பதில் சொல்லாது.
'அல்லது நல் எனில்' என்று
தனியாக ஒரு வால் சேர்க்க வேண்டியிருந்தது.
மூன்று பத்துக்குக் கூவியது.

ஹ்ரிட்சாக்கைத் திரும்ப அழைத்தேன்.
"மேலே எண்பத்தாறு, ஏழு மீட்டர். கீழே எண்பத்தெட்டு, மூன்று."
"என்னுடையது?"
"தெரியாது."
மறுமுனையில் தண்ணீர் அலம்பும் சத்தம்.
"தெரியாது என்றால் சரி" என்றார்,
"பூனையையும் தையல் மெஷினையும் மாடிக்கு ஏற்றுகிறேன்."

விடியும்வரை தேடியதில்
இதே வரி இன்னும் முப்பத்தொன்பது இடங்களில்.
பதினொன்று என்னுடையவை.
ஒன்று விடுப்புக் கணக்கில், அதை யாரும் குறைசொன்னதில்லை.

ஒன்பது மணிக்கு ப்ரெண்டா வந்தாள், கையுறையைக்கூடக் கழற்றாமல்
திரை முன்னால் நின்றாள்.
"கோடு மறுபடி அறுந்திருக்கிறதே."
ஆம், என்றேன்.
அறுந்த இடத்தில்தான் ஆறு.